மைதானத்தைப் பூட்டிய பத்து வாரங்கள்

அறுகம்புல்லைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு வயல்வெளியிலிருந்து ஏறி வந்த என்னைக் கண்டதும் பெரியப்பா சைக்கிளை நிறுத்தினார்.

"மாட்டுக்கா தம்பி?"

"இல்லைப் பெரியப்பா. மைதானத்தில் நடுவதற்கு."

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அறுகு பிடுங்கியே என் முதுகு கூனிப்போயிற்று. நீ அதைக் கொண்டுபோய் நடப்போகிறாயா?" என்று கேட்டுவிட்டுப் பெடலை மிதித்தார். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே செய்தி போய்விட்டது: டுபாயிலிருந்து வந்தவனுக்கு மண்டை குழம்பிவிட்டது.

டுபாயில் ஒன்பது ஆண்டுகள் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் குழுவில் இருந்தேன். கோல்ஃப் எனக்கு ஆடத் தெரியாது. ஒரு பந்தைக்கூட அடித்துப் பார்த்ததில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் மணற்குழிகளை வாரிச் சமப்படுத்தினேன். பிறகு புல் வெட்டும் இயந்திரம், கடைசியில் நீர்ப்பாசனம். கொடி நட்டிருக்கும் குழியைச் சுற்றியுள்ள பகுதியைக் கிரீன் என்பார்கள். அதை விடியுமுன் 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டி முடித்துவிட வேண்டும். அதற்கு இட்டுச்செல்லும் ஃபெயர்வே 12 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். பாலைவனத்தில் இந்தக் கூத்து அப்படியொன்றும் பழையது அல்ல. 1988இல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கப்படும் வரைக்கும் அந்தப் பக்கத்தில் முழுவதும் புல் விரித்த கோல்ஃப் மைதானம் இருக்கவில்லை. எண்ணெய் கலந்து இறுக்கிய மணலில்தான் பந்தை உருட்டினார்கள்.

அங்கே நாங்கள் சீராட்டி வளர்த்த புல்லின் பெயர் டிஃப்வே 419. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் உருவாக்கி 1960இல் வெளியிட்ட கலப்பினம். அது விதை தராது. தண்டைத் துண்டு துண்டாக வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். அதன் பெற்றோரில் ஒன்று ஆபிரிக்கப் புல், மற்றது சாட்சாத் நம்முடைய அறுகு. பிள்ளையாருக்குச் சாத்துகிற, வரம்பிலிருந்து செதுக்கி எறிகிற அதே அறுகு. இதைப் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கலாம். நம்பியிருக்க மாட்டார். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று கலியாண வீடுகளில் வாழ்த்துகிறவர்தான் அவரும்.

எங்கள் ஊர் வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகும் பக்கத்தில் இருக்கிறது. மைதானம் பாடசாலையோடு ஒட்டியது. நீளம் 100 மீற்றர், அகலம் 65. காலையில் மாணவர்கள், மாலையில் கழகப் பொடியன்கள், மத்தியானத்தில் கட்டாக்காலி மாடுகள், இரவில் பன்றிகள். போர்க்காலத்தில் அதன் மேல் நின்ற கனரக வாகனங்கள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. 2020இன் கடைசியில் கொரோனாவால் வேலை இழந்து நான் திரும்பி வந்தபோது இரண்டு கோல் முகப்புகளும் நடுவட்டமும் சிமெந்துத் தரை போல மின்னின. மழை வந்தால் அதே இடங்கள் சேற்றுக் குட்டைகளாகிவிடும். எங்கள் பக்கத்துச் செங்கபில மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் களி. இரண்டுக்கும் இடையில் அது மண்ணாக இருக்கும் நாட்கள் ஆண்டுக்குச் சொற்பம். அந்தச் சொற்ப நாட்களைப் பிடிக்கத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

முதல் முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2021 ஆவணி மாதம். டுபாயில் புனரமைப்பு வேலையெல்லாம் கோடையில்தான் நடக்கும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெப்பம் 45 பாகைக்கு ஏறும். ஆட வருகிறவர்கள் குறைவு. இந்த வகைப் புல்லோ சூடு ஏற ஏற வேகமாக வளரும். தரையைத் துளைப்பதும் மணல் பரப்புவதும் கீறிவிடுவதும் அப்போதுதான். நானும் அதே நாட்காட்டியை மூளையில் சுமந்துகொண்டு வந்து, வெயில் கொளுத்தும் ஆவணியில் தொடங்கினேன். லாண்ட்மாஸ்டர் உழவியந்திரத்தை வாடகைக்கு எடுத்து மைதானத்தின் கால்வாசியை உழுதேன். அறுகை நட்டுவிட்டு, தண்ணீர்ப் பவுசருக்குச் சொல்லி அனுப்பினேன்.

கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஒரு லீற்றர். மைதானம் முழுவதற்கும் 5 மில்லிமீற்றர் விட்டால் 32,500 லீற்றர். 6,000 லீற்றர் பவுசரில் ஐந்தரை நடை. கால்வாசிக்கே நாளுக்கு ஒரு நடைக்கு மேல் தேவைப்பட்டது. டுபாயில் சுத்திகரித்த கழிவுநீர் குழாயில் இரவு முழுவதும் வந்துகொண்டிருக்கும். இங்கே குடிப்பதற்கே பவுசர் வரும் காலத்தில் புல்லுக்கு ஊற்ற எந்த முகத்தோடு கேட்பது? ஒன்பதாம் நாள் நானே நிறுத்திவிட்டேன். உரமும் கிடைக்கவில்லை, அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில்தான் தடையை நீக்கினார்கள்.

அறுகு கருகிப்போனது. அது போகட்டும். ஐப்பசியில் மழை விழுந்ததும் உழுத இடமெங்கும் கோரை எழும்பியது. உழவியந்திரம் மண்ணுக்குள் கிடந்த கோரைக்கிழங்குகளைச் சங்கிலியறுத்து, ஒழுங்காக, இடைவெளி விட்டு எனக்காக நட்டுத் தந்திருந்தது. கிழங்குச் சங்கிலி அறுந்தால் ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். கோரை இருக்கும் தரையை எக்காரணம் கொண்டும் உழாதீர்கள். மேலே பிடித்து இழுத்தாலும் கிழங்கு உள்ளே நின்றுவிடும். மண் ஈரமாக இருக்கும்போது முள்ளுக்கரண்டி போன்ற ஆயுதத்தை ஆழமாகக் குத்தி நெம்பி, கிழங்கோடு எடுத்து வாளியில் போட்டு அப்புறப்படுத்த வேண்டும். அந்தக் கால்வாசியில் இந்த வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்.

2022 எரிபொருள் இல்லாத ஆண்டு. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்தது, வாகனத்துக்கு. புல் வெட்டும் இயந்திரத்துக்கு அல்ல. கானில் பெற்றோல் தர மறுத்தார்கள். மழை தொடங்கிய பிறகு புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. கார்த்திகை கடைசியில் எப்படியோ நான்கு லீற்றர் கிடைத்ததும் ஆசையில் ஒரே வெட்டாகத் தரையோடு வெட்டினோம். அடுத்த நாள் மைதானம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது டுபாயில் முதல் நாளே சொல்லித் தந்த பாடம். 3 சென்ரிமீற்றரில் புல்லை வைத்திருக்க விரும்பினால் அது 4.5ஐத் தொடும்போதே வெட்ட வேண்டும். மிஞ்சி வளர்ந்துவிட்டால் ஐந்தாறு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக இறக்க வேண்டும். இலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் புல் தன் சேமிப்பிலிருந்துதான் மறுபடி எழும்பும். வேர் வளர அதனிடம் எதுவும் மிஞ்சாது. அந்த மார்கழியில் குளிர்காற்று வீசி வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. எங்கள் ஊரிலும் பல பட்டிகள் காலியாயின. அதன் பிறகு அந்தப் பருவத்தில் மைதானத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அந்த இரண்டு தோல்விகளுக்கும் நடுவில் ஒன்றைக் கவனித்தேன். டுபாயில் வெப்பமானி புல்லை நடத்துகிறது. தண்ணீர் எப்போதும் உண்டு. வன்னியில் வெப்பம் ஆண்டு முழுவதும் போதும்; தண்ணீர்தான் புல்லை நடத்துகிறது. அப்படியானால் எங்களுடைய வளரும் பருவம் புரட்டாதிக் கடைசியில் முதல் மழை விழும்போது தொடங்கி, மாசியில் நிலத்தின் ஈரம் வற்றும்போது முடிகிறது. அதற்குள்ளும் கார்த்திகையும் மார்கழியும் தண்ணீர் மிஞ்சி, வெளிச்சம் குறைந்து, யார் கால் வைத்தாலும் தரை குழையும் மாதங்கள். நடுவதற்கு உகந்தது முதல் மழைக்கும் பெருமழைக்கும் இடைப்பட்ட நாலைந்து வாரங்கள் மட்டுமே. நெல் விதைக்கிற கமக்காரருக்கு இது தொட்டிலிலேயே தெரியும். மாரி நெல்லான காலபோகத்துக்கு எப்போது மண்வெட்டியை எடுக்கிறார்களோ, அப்போது நானும் எடுக்க வேண்டும். இதைப் பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் சொல்லியிருப்பார்.

வேறு இலாபமும் இருந்தது. புரட்டாதியில் ஊரெல்லாம் வரம்பு செதுக்குவார்கள். செதுக்கி எறிவதில் பாதிக்கு மேல் அறுகு. குளக்கட்டில் கை வைக்கக் கூடாது. கட்டின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அந்த அறுகுதான். வரம்பு அறுகை யாரும் தடுக்கவில்லை. பெரியப்பா மட்டும் நிபந்தனை போட்டார்: "என் வயல் புல் வேண்டும் என்றால் என் வரம்பையும் நீயே செதுக்கித் தா." இரண்டு நாள் செதுக்கினேன்.

எந்த அறுகை எடுப்பது என்பதில் கண் வேண்டும். நிழலில் நெடுநெடுவென்று வளர்ந்த, கணுவுக்குக் கணு விரல் நீளம் இருக்கும் அறுகை விட்டுவிடுங்கள். ஆட்கள் நடந்து, மாடு மேய்ந்து, தரையோடு படர்ந்து, இலை மெல்லியதாகவும் கணு நெருக்கமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மிதிபடுவதற்குப் பழகியது அதுதான். வேரில் ஒட்டிய வயல் மண்ணை நன்றாக உதறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கோரைக்கிழங்கும் கூடவே பயணம் செய்யும். இரண்டு மூன்று கணு இருக்கும்படி துண்டாக்கி, ஈரச் சாக்கில் நிழலில் வைத்து, அன்றைக்கே நட்டுவிட வேண்டும். ஒரு இரவு தாண்டினால் சாக்குக்குள் சூடேறி அவிந்துவிடும். ஒரு சதுர மீற்றரில் படர்ந்த புல் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீற்றருக்குக் காணும்.

புல் கிடைத்துவிட்டது, நாளும் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை: மைதானத்தைப் பூட்டுவது.

கழகக் கூட்டத்தில் பத்து வாரம் என்று நான் சொன்னதும் மண்டபம் அமைதியானது. அறுபது பொடியன்கள். அவர்களுக்கு மாலை நாலரைக்குப் பிறகு அந்த மைதானத்தைத் தவிர உலகம் கிடையாது. "பத்து வாரம் விளையாடாவிட்டால் விளையாட ஆளும் இருக்காது, புல் மட்டும்தான் இருக்கும் அண்ணை" என்றான் கழகத் தலைவர். அவன் சொன்னது பிழை என்று என்னால் வாதாட முடியவில்லை. டுபாயில் உறுப்பினர்களும் இப்படித்தான் முணுமுணுப்பார்கள், கோட் போட்டுக்கொண்டு. அங்கே நிர்வாகம் 18 குழிகளையும் ஒன்றாக மூடாது. ஒன்பதை மூடி ஒன்பதைத் திறந்து வைக்கும். அது நினைவுக்கு வந்ததும் மைதானத்தை நடுக்கோட்டில் இரண்டாக வெட்டினோம். 2023இல் தெற்குப் பாதி பூட்டு, அடுத்த ஆண்டு வடக்குப் பாதி. திறந்திருக்கும் பாதியில் ஏழு பேர் கொண்ட அணிகளாக, அகலப் பக்கமாகக் கோல் நாட்டி விளையாடுவது. பாடசாலையின் இல்ல மெய்வல்லுனர் போட்டி வழக்கமாகத் தை, மாசியில் வரும். அதற்கு முன் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று அதிபர் எழுதி வாங்கிக்கொண்டார். ஐப்பசி முதல் வாரத்தில் நட்டால் மார்கழி நடுவில் பத்து வாரம் ஆகிவிடும். கணக்கு மயிரிழையில் சரியாக இருந்தது.

பூட்டு என்றால் ஒரு பூட்டு மட்டும் இல்லை. நான்கு வரி முட்கம்பியும் சீமைக்கிளுவைத் தடிகளும் ஒரு படலையும். தடிகள் மழைக்குத் துளிர்த்து இப்போது உயிர்வேலியாகிவிட்டன.

தெற்குக் கோல் முகப்பையும் அதன் முன்னால் உள்ள பாதையையும், சுமார் 600 சதுர மீற்றரை, முதலில் துளைத்தாக வேண்டும். வாகனங்களும் கால்களும் இறுக்கிய தரையில் எதை நட்டாலும் வேர் இறங்காது. டுபாயில் இதற்கு இயந்திரம் உண்டு. உள்ளே ஓட்டையுள்ள 12 மில்லிமீற்றர் ஊசிகள் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குத்தி, மண்ணைக் குச்சி குச்சியாக வெளியே தள்ளும். அப்படிக் குத்தினால் தரைப்பரப்பில் நாலரை வீதம் வெளியே வந்துவிடும். நாங்கள் ஒட்டுவேலைக் கடையில் அரை அங்குல இரும்புக் குழாய்த் துண்டுகள் நான்கை, நுனியைச் சரிவாக வெட்டி, ஒரு இரும்புச் சட்டத்தில் ஒட்டுவித்தோம். மேலே கைப்பிடி, நடுவில் கால் வைத்து மிதிக்க ஒரு கட்டை. அப்படி மூன்று. 10 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை என்றால் 600 சதுர மீற்றருக்கு 60,000 துளைகள்; ஒரு மிதிக்கு நான்கு என்றால் 15,000 மிதிகள். ஆறு மாலைகள், இருபது பேர், முறை மாறி மாறி.

நிலத்தைக் குத்துவதற்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு வேலை உண்டு, அதை வேறு நாட்டுப் புத்தகங்களில் எழுத மாட்டார்கள். எங்கள் மைதானம் கண்ணிவெடி அகற்றிச் சான்றிதழ் கொடுத்த நிலம். இருந்தாலும் வாய்க்கால் வெட்டும்போது வடக்கு மூலையில் துருப்பிடித்த ஏதோ ஒன்று அலவாங்கில் தட்டியது. எல்லோரையும் வந்த வழியே திருப்பி அனுப்பி, சிவப்புத் துணி கட்டிவிட்டு, கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் சொன்னோம். வந்தவர்கள் எடுத்துப்போக இரண்டு நாள் ஆனது. என்ன பொருள் என்று எட்டிப் பார்க்கும் ஆர்வம் எந்தப் பொடியனுக்கும் இருக்கவில்லை. 2009ஐக் கைக்குழந்தைகளாகக் கடந்தவர்கள் அவர்கள். வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

குழாயால் குத்துவதற்கும் நாள் பார்க்க வேண்டும். காய்ந்த தரையில் குழாய் வளையும், களியில் குழாய் அடைத்துக்கொள்ளும். மழை விட்டு இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், ஒரு பிடி மண்ணைக் கொழுக்கட்டைக்குப் பிடிப்பது போல் உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். பிடித்தது நிற்கவும் வேண்டும், பெருவிரலால் அழுத்தினால் உதிரவும் வேண்டும். உருட்டும்போது பென்சில் போல நீண்டுகொண்டே போனால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

முதல் மாலை குழாயிலிருந்து வெளியே வந்த மண்குச்சி ஒன்றை எடுத்துக் கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன். என் நடுவிரல் நீளம். மேலே ஒரு விரற்கடை அளவு கறுப்பு. அதில் வெள்ளை நூல் போல வேர்கள் பின்னிக் கிடந்தன. அதற்குக் கீழே கோடு போட்டது போல நிறம் மாறி, செம்மஞ்சள் நிறத்தில் பளபளவென்று வழுக்கலான மண். அதற்குள் ஒரு வேர்கூட இல்லை. வேர்கள் அந்தக் கோட்டைத் தொட்டதும் சுவரில் முட்டிய எறும்பு வரிசை போலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. "இவ்வளவுதானா நாங்கள் விளையாடிய மைதானம்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஒரு விரற்கடை. அவ்வளவுதான்.

துளைகளை நிரப்ப ஒரு கியூப் மணல் போதுமாக இருந்தது. 600 சதுர மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் கனம் என்றால் 3 கன மீற்றர். ஒரு கியூப், அதாவது நூறு கன அடி, 2.83. ஆனால் அந்த ஒரு கியூபுக்காக நான் நடந்த நடை சொல்லி மாளாது. மணல் அகழவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேண்டியதுதான், எங்கள் ஆறுகளைக் களவாகத் தோண்டியவர்கள் பாலங்களின் அடியையே காட்டிவிட்டார்கள். கடற்கரை மணல் சும்மா கிடக்கிறதே என்று முல்லைத்தீவிலிருந்து ஏற்றி வர ஒருவர் முன்வந்தார். உப்பு. வேண்டாம் என்றேன். ஆற்று மணலோடு காய்ந்து பொடித்த மாட்டெருவையும் அரித்துச் சேர்த்துப் பரப்பி, ஈர்க்குமாற்றால் துளைக்குள் தள்ளினோம். மணல் துளைக்குள் இறங்குவதுதான் முக்கியம். களிமண் மேல் தடிப்பாக ஒரு மணல் படையை விரித்து வைத்தால் இரண்டும் சேராது. தண்ணீர் இடையில் நின்று வேரை அழுகவைக்கும்.

நட்டது எளிய வேலை. ஒரு சாண் இடைவெளியில் மண்வெட்டி முனையால் ஆழமில்லாத கோடு கீறி, துண்டுகளைக் கிடத்தி, ஒரு முனை வெளியே தெரியும்படி மண் மூடி, காலால் மிதித்துவிடுவது. முதல் இரண்டு கிழமைக்கு மேல்மண் காயக் கூடாது. அந்த ஆண்டு மழை ஆறு நாட்களுக்குக் கண்ணாமூச்சி காட்டியது. பாடசாலைக் கிணற்றிலிருந்து பம்பியால் அடித்துச் சமாளித்தோம். பத்தாம் நாள் ஒரு துண்டை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரமாட்டேன் என்றது. அந்த எதிர்ப்பை விரல் நுனியில் உணர்கிற சுகம் ஒன்று இருக்கிறது, டுபாயிலும் அதுதான் எனக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்தது.

யூரியா ஒரு மூட்டை. 50 கிலோவில் 46 வீதம் நைதரசன், ஆக 23 கிலோ. முழு மைதானத்துக்குப் போட்டாலும் சதுர மீற்றருக்கு மூன்றரை கிராம்தான் வரும், பாதிக்கு அது நிறையவே போதும். நான் அதை மூன்றாகப் பிரித்திருக்க வேண்டும். பாதி மூட்டையை ஒரே நாளில் வீசினேன், வானம் கறுத்திருந்ததைப் பார்த்தும். அன்றிரவு கொட்டிய மழையில் என் யூரியா முழுவதும் வாய்க்கால் வழியே போய், பாடசாலை மதிலுக்கு வெளியே இருந்த காட்டுச்செடிகளைச் செழிக்கவைத்தது. தூறல் நின்ற பின் ஈரத்தரையில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வீச வேண்டும். கமநல நிலையத்தில் அப்போது மானிய விலையில் நெல்லுக்குத் தந்த யூரியாவை மைதானத்துக்குக் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தோம். வெளிச் சந்தையில் காசு சேர்த்து வாங்கினோம்.

மார்கழி நடுவில் படலையைத் திறந்தோம். அதற்குள் புல் மூடியிருந்தது முக்கால்வாசி. மீதியை மூட விடாமல் கெடுப்பது என்ன என்று அடுத்த மாதங்களில் தெரிந்தது. ஒன்று கோல் முகப்பு. பயிற்சியின்போது கோலைப் பக்கவாட்டில் ஐந்து மீற்றர் நகர்த்தி வைக்கலாம் என்று தோன்ற எங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்தது. இப்போது குழாயில் செய்த நகரும் கோல் இரண்டு இருக்கின்றன. மற்றது கோடு. விளையாட்டுப் போட்டிக்கு ஓடுபாதைக் கோடுகளைக் கழிவெண்ணெயால் போடும் வழக்கம் ஒன்று உண்டு, மழைக்கு அழியாதென்று. அழியாதுதான். எட்டுக் கோடுகளும் ஓராண்டுக்குப் புல் முளைக்காமல் மொட்டையாகக் கிடந்தன. சுண்ணாம்பு அழிந்தால் மறுபடி போடலாம், தயவுசெய்து எண்ணெயைத் தொடாதீர்கள்.

கோல்ஃபிலிருந்து நான் கொண்டுவந்ததில் பொடியன்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அங்கே அடித்த அடியில் புல் பெயர்ந்தால் ஆடியவரே அந்தக் குழியில் மணல் போட்டுவிட்டு நகர வேண்டும். இங்கேயும் ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி ஒரு தாச்சி மணலோடு மைதானத்தைச் சுற்றி வரும். பெயர்ந்த புல்லைக் காலால் அமத்தி, பள்ளத்தில் ஒரு பிடி போடும். பத்து நிமிட வேலை. சில நாட்களில் இந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்தே தோற்காமல் ஆடுகிறார்கள்.

பங்குனிக்குப் பிறகு நான் தண்ணீர் விடுவதில்லை. முதல் கோடையில் மைதானம் பழுப்பாகத் தொடங்கியதும் அதிபர் பதறினார். அறுகு சாகவில்லை, தூங்குகிறது. மேலே இலை காய்ந்தாலும் தண்டும் வேர்க்கட்டையும் உயிரோடு இருக்கும். அதற்கு முன்னரே வெட்டும் உயரத்தை 5 சென்ரிமீற்றருக்கு ஏற்றிவிட வேண்டும், உரத்தை நிறுத்திவிட வேண்டும். கோல் முகப்புக்கு மட்டும் வாரத்தில் ஒரு தடவை, விடியற்காலையில், ஆழமாக. தினமும் தெளித்து நனைப்பதால் வேர் மேலேயே உட்கார்ந்துவிடும்.

பன்றிக்கு எங்களிடம் மருந்து இல்லை. இரவில் வந்து கோரைக்கிழங்கைத் தோண்டும். ஒருவகையில் எனக்கு உதவிதான், கிழங்கோடு சேர்த்து அறுகையும் பெயர்க்காமல் இருந்தால்.

2024 ஐப்பசியில் வடக்குப் பாதியைப் பூட்டி நட்டோம். இந்த முறை எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. எட்டாவது வாரத்தில், நவம்பர் கடைசியில், ஃபெங்கல் புயல் வந்தது. மழை நிற்கவே இல்லை. உயர்தரப் பரீட்சையை இடைநிறுத்தினார்கள். தாழ்ந்த பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. சனம் பாடசாலைக்கு வந்தது. உழவியந்திரங்களில் பாய், சட்டி பானை, நெல் மூட்டை, கோழி. பின்னாலேயே மாடுகள். வகுப்பறையில் மாடு கட்ட முடியாது. மைதானத்தில் தண்ணீர் ஏறாமல் மேடாக நின்றது வடக்குப் பாதி மட்டும்தான்.

படலைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. மழையில் மாடுகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றார்கள், அவ்வளவுதான். 2022இல் செத்த மாடுகள் எல்லோருக்கும் நினைவில் இருந்திருக்கும். திறந்துவிட்டேன். முதல் ஆளாக உள்ளே வந்தவர் பெரியப்பா, இரண்டு பசுக்களோடும் ஒரு கன்றோடும். கோல் முகப்பில், புல் நன்றாகப் பிடித்திருந்த இடமாகப் பார்த்துக் கட்டினார். பசு குனிந்து மேயத் தொடங்கியது. தலையில் போட்டிருந்த சாக்கை விலக்கி என்னைப் பார்த்தார்.

"அன்றைக்கே கேட்டேனே தம்பி, மாட்டுக்கா என்று."

மாடுகள் ஐந்து நாட்கள் நின்றன. நீர் வடிந்த பிறகு தெற்குப் பாதியில் விரல் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அது இறுகுவதற்குள் வாரியால் இழுத்து எடுத்தோம். மூன்று நாள் நீருக்குள் கிடந்த அறுகு அதன் கீழே மஞ்சளாக, ஆனால் உயிரோடு இருந்தது. வடக்கில் வேறு கதை. குளம்புத் தடங்கள் நாலு விரல் ஆழத்தில், எண்ண முடியாத அளவுக்கு. அவற்றை ரோலர் உருட்டிச் சமப்படுத்தலாம் என்றார்கள். ஈர மண்ணில் ரோலர் ஓட்டினால் நாங்கள் மிதித்து மிதித்துத் திறந்ததெல்லாம் மறுபடி இறுகிவிடும். விட்டுவிட்டு, தையில் மண் கொழுக்கட்டைப் பதத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடத்தின் ஓரத்தையும் அலவாங்கு நுனியால் நெம்பி உயர்த்தி, அடியில் மணலும் எருவும் போட்டு நிரப்பினோம். எருவுக்குப் பஞ்சமே இல்லை, ஐந்து நாள் மாடு நின்ற இடம் அல்லவா. மாசியில் அந்தப் பக்கம் மட்டும் திட்டுத் திட்டாகக் கரும்பச்சையாக நின்றது. ஒரு திட்டு ஒரு மாடு கட்டிய இடம். நடுக்கோட்டுக்கு அருகில் நிரப்பாத தடங்கள் இன்னும் ஒரு முப்பது இருக்கும். மணல் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.